133 முதியவர்கள், விரல்விட்டு எண்ணும் ஊழியர்கள்... கனடா முதியோர் இல்லம் சொல்லும் பாடம்!

2020 மார்ச் 29, இரவு. கனடாவின் மான்ட்ரியலை ஒட்டியுள்ள டோர்வலில், ஹெரான் என்ற தனியார் முதியோர் இல்லத்துக்குள் அரசு சுகாதாரத்துறையினர் நுழைகிறார்கள். உள்ளே 133 முதியவர்கள். பார்த்துக்கொள்ள இருந்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். பலருக்குச் சாப்பாடு, தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. டயப்பர் மாற்றவும் ஆள் இல்லை.

அது ஒன்றும் இலவச இல்லம் அல்ல. மாதம் 3,000 டாலரில் இருந்து 10,000 டாலர் வரை கட்டணம் வாங்கிய இடம். ஒரு மாதத்துக்குள் அங்கே 31 பேர் இறந்துபோன தகவல் ஏப்ரலில் வெளியானபோது, கனடாவே அதிர்ந்துபோனது.

ஊழியர்கள் எங்கே போனார்கள்?

'பாவிகள், விட்டுவிட்டு ஓடிவிட்டார்களே' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், நடந்தது வேறு. சிலருக்குக் காய்ச்சல், இருமல். சிலர் தனிமைப்படுத்திக்கொள்ள வேண்டிய நிலை. மாஸ்க், கவுன் போன்ற பாதுகாப்பு உபகரணங்களுக்குத் தட்டுப்பாடு. வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்குத் தொற்றிவிடுமோ என்ற பயம். இவ்வளவுக்கும் நடுவே வாங்கிய சம்பளம், அரசு இல்லங்களில் இதே வேலைக்குத் தரப்படுவதைவிடக் குறைவு.

ஹெரானில் மட்டுமல்ல, முதல் அலையில் கனடாவில் கோவிட்டால் இறந்தவர்களில் 80 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்கள் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்கள். கியூபெக், ஒன்டாரியோ மாகாணங்களில் ராணுவ வீரர்களை அனுப்பி முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 'பராமரிப்பாளர்களின் சம்பளத்தை முன்பே உயர்த்தியிருக்க வேண்டும்' என்று கியூபெக் பிரீமியர் பிரான்சுவா லெகோ வெளிப்படையாகவே வருந்தினார்.

இரண்டு இல்லம், ஒரு சம்பளம்

பல இல்லங்கள் முழுநேர வேலை தருவதில்லை. வாரத்துக்குச் சில ஷிஃப்ட்தான். அதனால் காலையில் ஓர் இல்லம், மாலையில் இன்னோர் இல்லம் என்று ஓடினால்தான் வாடகை கட்ட முடியும். கூடவே வைரஸும் ஓடியது.

அமெரிக்காவில் செல்போன் தரவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வும் இதையே உறுதிசெய்தது. வெளியாட்கள் வரக் கூடாது என்று தடை போட்ட பிறகும், ஓர் இல்லத்துக்கு வந்துபோனவர்களில் சுமார் 5 சதவிகிதம் பேர் 11 வாரங்களுக்குள் இன்னோர் இல்லத்துக்கும் போயிருந்தார்கள். இப்படி மற்ற இல்லங்களோடு அதிகத் தொடர்பில் இருந்த இல்லங்களில் தொற்றும் அதிகமாக இருந்தது.

உடம்பு சரியில்லை என்று லீவ் போட்டால் அன்றைய சம்பளம் போச்சு என்கிற நிலையில், லேசான காய்ச்சலோடு வேலைக்கு வருபவரை எப்படிக் குறை சொல்வது?

சம்பளமும் ஒரு தடுப்பு மருந்து

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இதை வேகமாகப் புரிந்துகொண்டது. '2020 மார்ச் முதல் ஒருவர் ஒரே இல்லத்தில்தான் வேலை செய்ய வேண்டும்' என்று உத்தரவிட்டது. வெறும் உத்தரவோடு நிற்கவில்லை. குறைந்த சம்பளம் தந்த இல்லங்களின் ஊழியர்களுக்கும், தொழிற்சங்க ஒப்பந்தப்படியான சம்பளம் கிடைக்க அரசே பணம் கொடுத்தது. இன்னோர் இல்லத்துக்கு ஓட வேண்டிய தேவை குறைந்தது.

கியூபெக் இன்னொரு வழியை எடுத்தது. 2020 ஜூனில் 10,000 பேருக்குப் பராமரிப்புப் பயிற்சி தொடங்கியது. பயிற்சிக் காலத்திலேயே மணிக்கு 21 டாலர், முடித்ததும் 26 டாலர் என்று அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். ஆனால், வேலையின் சுமை தாங்காமல் இடையில் விலகியவர்களும் உண்டு. பணம் ஆளைக் கூட்டிவரும். போதிய ஆட்களும் ஓய்வும் மரியாதையும் இருந்தால்தான் வந்தவர் நிற்பார்.

நம்மவர்கள் நிறைய வாழும் டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கதை வேறு. மணிக்கு 4 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள், 16 வாரத்துக்கு மட்டும். ஆகஸ்ட்டில் அது நின்றது, வைரஸ் நிற்கவில்லை. அக்டோபரில் பராமரிப்பாளர்களுக்கு மணிக்கு 3 டாலர் உயர்வு மீண்டும் வந்தது. அது நிரந்தரமானது 2022-ல்தான்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

அப்பா, அம்மாவை இல்லத்தில் சேர்க்கப் போகும்போது ரூம் எப்படி, ஏ.சி இருக்கிறதா, சாப்பாடு எப்படி என்றெல்லாம் பார்க்கிறோம். இனி இவற்றையும் கேளுங்கள்:

* இரவு ஷிஃப்ட்டில் எத்தனை முதியவர்களுக்கு ஓர் ஊழியர்?
* காய்ச்சல் வந்தால் ஊழியருக்குச் சம்பளத்தோடு லீவ் உண்டா?
* இங்கே வேலை செய்பவர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள்?

மூன்றாவது கேள்விக்கு 'எல்லோரும் புதுசு' என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். வீட்டிலேயே பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருப்பவர்கள், முதல் இரண்டு கேள்விகளையும் தங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

நம் பெற்றோரைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களை, முதலில் நாம் கைவிடாமல் இருக்க வேண்டும்!