ஆய்வு மாணவர்களின் குடிமை நடத்தையும் எதிர்விளைவு நடத்தையும்: அளவிடும் முறை

முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் தம் கடமைக்கு மேலாகச் செய்யும் உதவிகள் 'குடிமை நடத்தை' எனப்படும். உடன் பயில்வோருக்கோ கல்வி நிறுவனத்துக்கோ கேடு விளைவிக்கும் செயல்கள் 'எதிர்விளைவு நடத்தை' எனப்படும். இவை பெரும்பாலும் வினாப்பட்டியல் மூலம் அளவிடப்படுகின்றன.

தோற்றம்

இரு கருத்துகளும் பணியிட உளவியலில் உருவானவை. குடிமை நடத்தையை டென்னிஸ் ஆர்கன் 1988இல் வெளியிட்ட நூல் விரிவாக விளக்கியது. ரெபெக்கா பென்னட், சாண்ட்ரா ராபின்சன் இருவரும் 2000இல் வெளியிட்ட அளவுகோலில் நிறுவனத்துக்கு எதிரான செயல்கள் பற்றி 12 வினாக்களும், தனியாளுக்கு எதிரானவை பற்றி 7 வினாக்களும் உள்ளன.

ஆய்வகச் சூழலில்

காரைக்கால் மாவட்டம் திருவேட்டக்குடியில் உள்ள புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் (தொடக்கம் 2010) போன்ற நிறுவனங்களில் ஒரே கருவியைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்துவது இயல்பு. புதியவருக்குக் கருவியை இயக்கக் கற்றுக்கொடுப்பது குடிமை நடத்தை. பழுதை மறைப்பது, தரவைத் திரிப்பது, பிறர் உழைப்பில் தம் பெயரைச் சேர்ப்பது ஆகியவை எதிர்விளைவு நடத்தை.

தனித்தனி அளவுகோல்கள்

ஒன்று கூடினால் மற்றது அதே அளவு குறையும் என்று கொள்ளக்கூடாது. பணியிட ஆய்வுகளைத் தொகுத்து ரீஷாத் தலால் 2005இல் கண்டது மிதமான எதிர்த்தொடர்பே (−0.32). எல்லோருக்கும் உதவும் மாணவரே தரவைத் திரிக்கவும் கூடும்.

ஒற்றை எண்ணின் குறை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 60 விழுக்காட்டைத் தாண்டினால் மாணவரின் பதிவு ரத்தாகும். இந்த எண் எழுத்து ஒப்புமையை மட்டுமே காட்டும். கற்பனைத் தரவைச் சொந்த நடையில் எழுதினால் அதில் அகப்படாது. செய்த உதவியும் கணக்கில் வராது.

வினாப்பட்டியல் அமைத்தல்

- "நீங்கள் நேர்மையானவரா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆம்" என்பர். "கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை இப்படிச் செய்தீர்கள்?" எனச் செயலைக் குறித்துக் கேட்க வேண்டும்.
- பெயரை நீக்கினால் மட்டும் போதாது. ஐந்தே பேர் உள்ள துறையில் சேர்ந்த ஆண்டும் பாலினமும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.
- விடைத்தாள் வழிகாட்டியின் கைக்குப் போகும் என்று தெரிந்தால் உண்மையான விடை வராது.
- விடைக்கு மதிப்பெண் தந்தால் உதவி செய்ததாகச் சொல்வோர் பெருகுவர்.

ஆகவே இவ்வளவீடு துறையின் சூழலை அறிந்து சீர்செய்ய ஏற்றது. தனி மாணவர் ஒருவர்மீது தீர்ப்புச் சொல்ல ஏற்றதன்று.