எலியின் ஈரல் சொன்ன சாட்சி

சோற்றிலுள்ள மாவுச்சத்தும் காப்பியில் கரையும் வெள்ளைச் சர்க்கரையும் நாவுக்கு வேறுபட்டாலும், கிராமுக்குச் சுமார் 4 கலோரி என்ற கணக்கில் இரண்டும் ஒன்றே ஆகையால், சரீரத்துக்குள் சென்றபின் இரண்டுக்கும் பேதம் ஏதுமில்லை என்று வெகுகாலம் படித்தவர்களே நம்பி வந்தார்கள். அந்த நம்பிக்கையை அசைத்த பெருமையில் பெரும்பங்கு, ஆராய்ச்சிசாலைக் கூண்டிலே பிறந்து அங்கேயே மடியும் வெள்ளெலிக்கு உரியது.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளை வரிசையாகக் கோத்த நீண்ட மாலை. ஜீரணமானால் குளுக்கோஸ் மட்டுமே மிஞ்சும். சர்க்கரையோ பாதி குளுக்கோஸ், மறுபாதி பிரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை. குடலிலிருந்து வரும் குளுக்கோஸில் ஒரு பகுதி கல்லீரலைக் கடந்து தசைக்கும் மூளைக்கும் போய்விடுகிறது; தங்கும் பகுதியையும், போதும் என்ற நிலை வந்ததும் தடுத்து நிறுத்த, சுங்கச்சாவடிச் சேவகனைப்போல ஒரு என்ஸைம் காவல் நிற்கிறது. பழச்சர்க்கரைக்கு இந்தச் சோதனை கிடையாது. அதற்கென்றே ஈரலில் உள்ள வேறொரு என்ஸைம் அதைக் கொல்லைப்புற வழியாக உள்ளே சேர்த்துவிடுவதால், வந்ததெல்லாம் சிதைந்து, மிஞ்சியது கொழுப்பாக மாறுகிறது. சர்க்கரையைப் பிரதான ஆகாரமாக வைத்துச் சில வாரம் வளர்த்த எலிகளில், மாவுச்சத்து உண்ட எலிகளைவிட, கொழுப்பை உண்டாக்கும் என்ஸைம்கள் ஈரலிலும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ரத்தத்திலும் அதிகரித்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள்.

கண்ணால் காணவும் பேதமுண்டு. ஆரோக்கியமான ஈரல் கருஞ்சிவப்பாக, ஓரம் கூர்மையாக இருக்கும். கொழுப்பேறியது வெளிறி மஞ்சளித்து, ஓரம் மழுங்கி, அறுத்த கத்தியில் எண்ணெய்ப் பசையை விட்டுச்செல்லும். அதை மெழுகில் பதித்துச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், உயிரணுக்களுக்குள் வட்டவட்டமாக வெறும் ஓட்டைகள். பதம்செய்யும் திராவகத்தில் கொழுப்பு கரைந்துபோக, அது இருந்த இடம் மட்டும் எஞ்சியதுதான் அந்த ஓட்டை!

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான சார்லஸ் பெஸ்ட், 1949-ல் தம் சகாக்களுடன், கோலீன் என்னும் சத்துக் குறைந்த ஆகாரத்தோடு சில எலிகளுக்குச் சாராயமும் சில எலிகளுக்கு அதற்கு ஈடான சர்க்கரையும் கொடுத்துப் பார்த்தார். இரு கூட்டத்தின் ஈரலும் கெட்டது. கோலீன் சேர்த்தால் இரண்டும் பிழைத்தன. சாராயத்துக்கு வக்காலத்து வாங்குவதே அவர் வாதத்தின் போக்கு. சாராயத்தின் குற்றத்தைப் பிற்காலத்தவர் வேறு ஆதாரங்களால் ஸ்தாபித்துவிட்டார்கள் என்றாலும், சர்க்கரையின் பெயரும் குற்றப்பத்திரிகையில் ஏறியது ஏறியதுதான்.

எலியின் சாட்சியத்தை அப்படியே மனிதனுக்குப் பொருத்துவது நியாயமன்று. அதன் ஈரல் மாவையும் சர்க்கரையையும் கொழுப்பாக்குவதில் நம்முடையதைவிடச் சமர்த்து உடையது. மேலும், கலோரியில் 60, 70 சதவீதம் வரை சர்க்கரையாகவே கொடுத்துச் செய்த பரீட்சைகள் பல. அவ்வளவு சர்க்கரை தின்பவர் நம்மில் யார்? ஆனாலும் சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்வது வேறு, வாயைப் பொத்துவது வேறு.

1968-ல் அமெரிக்கச் சர்க்கரைத் தொழிலாரின் ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்று, பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் போவர் என்பவரிடம் எலிப் பரீட்சை ஒன்றுக்குப் பணம் கொடுத்தது. சர்க்கரையால் ரத்தக் கொழுப்பு உயர்வதில் குடற்கிருமிகளுக்குப் பங்குண்டா என்பது கேள்வி. சர்க்கரை உண்ட எலிக்கும் மாவுச்சத்து உண்ட எலிக்கும் பேதம் தென்படத் தொடங்கிய வேளையில், முடிக்க இன்னும் 12 வாரம் வேண்டும் என்று போவர் கேட்டார். 1970-ல் பணம் நின்றது. காலதாமதமும் செலவு மிஞ்சியதும் ஸ்தாபனத்தின் நிர்வாக மாற்றமுமே காரணம் என்று தொழிலார் தரப்பு பின்னாளில் விளக்கியது. போவரின் முடிவுகள் அச்சேறவில்லை. பழைய கடிதக் கட்டுகளைப் புரட்டிய ஆராய்ச்சியாளர் மூவர் எழுதிய பிறகே உலகம் அவற்றை அறிந்தது. அது 2017-ஆம் ஆண்டு.