பூதக்கண்ணாடி காட்டும் உண்மை

தாமிரபரணி பாயும் நம் தச்சநல்லூர்ப் பகுதியில், வீட்டுக் கொல்லையில் நாலு மிளகாய்ச் செடி வைத்துப் பேணும் வழக்கம் இன்னும் மறைந்துவிடவில்லை. சென்ற ஆண்டு நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், சுருண்ட மிளகாய்க் கொழுந்துகளை முந்தானையில் முடிந்துகொண்டு நம்மிடம் வந்தார். கடன் வாங்கிப் பத்து சென்ட் நிலத்தில் மிளகாய் நட்டவர் அவர். கடையில் கொடுத்த மருந்தை மும்முறை தெளித்தும் சுருட்டை மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. "சாமி, ஒரு பூச்சியும் கண்ணுக்குத் தெரியலையே! செடியைப் பிடுங்கிப் போட்டுரட்டுமா?" என்றார்.

கண்ணுக்குத் தெரியாததால் இல்லையென்று ஆகிவிடுமா? நாம் பூதக்கண்ணாடியை எடுத்தோம். எழுத்துப் படிக்க உதவும் பெரிய கண்ணாடி இதற்குப் போதாது. தாவரவியல் மாணவர் வைத்திருப்பாரே, பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு மடக்குக் கண்ணாடி, அதுவே வேண்டும். அதனைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் இலையின் அடிப்புறத்தைத் தெளிவாகத் தெரியும்வரை அருகே கொணர வேண்டும்.

மிளகாய் இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன்; கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்திப்பேன். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரியாலும் சுருட்டை வருவதுண்டு. ஆதலால் வடிவத்தை மட்டும் நம்பாமல் உள்ளே பார்ப்பதே முறை. இலைப்பேன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமும் ஆறு கால்களும் உடையது. சிலந்திப்பேனோ அதில் ஐந்தில் ஒரு பங்கே; வளர்ந்ததற்கு எட்டுக் கால்கள். அதன் முட்டைமீது வெண்புள்ளிகள் வரிசையாக இருக்கும்.

அத்தாயின் கொழுந்தில் நாம் கண்டது அந்த முட்டைகளையே! பூச்சிக்கான மருந்துகள் பல சிலந்திப்பேனைக் கொல்லா. அதைத் தின்னும் நல்லுயிர்களையே கொன்றுவிடும். எதிரி பெருகியதற்குக் காரணம் விளங்கிற்று. நனையும் கந்தகத் தூளை உறையில் குறித்த அளவில் கரைத்து, வெயில் தணிந்த மாலையில் தெளிக்கச் சொன்னோம். கடும் வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். முதற் காய்ப்புப் போயிற்று. ஆயினும் மூன்று வாரத்தில் வந்த புதுக்கொழுந்து நேராக நின்றது.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. 2015இல் பெங்களூருவில் பப்பாளியில் முதன்முதல் கண்டறியப்பட்ட அயல்நாட்டு இலைப்பேன் ஒன்று, 2021இல் ஆந்திர, தெலங்கானா மிளகாய் வயல்களைப் பெரிதும் அழித்தது. அது பூவினுள் கூட்டமாய்த் தங்குவது. எனவே பூவை வெள்ளைத்தாள்மீது தட்டி, விழுவதையும் கண்ணாடியால் பார்த்தல் நன்று. ஐயம் எழுந்தால், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலோ அருகிலுள்ள வேளாண் அலுவலரிடமோ செடியைக் காட்டலாம்.

பெற்றோரே, வாரம் ஒருமுறை பிள்ளைகளின் கையில் இக்கண்ணாடியைக் கொடுத்துச் செடியருகே அனுப்புங்கள். அவர்கள் கண்டு சொன்னபின் மருந்துக் கடைக்குப் போவோம். பார்க்காமல் தெளித்த மருந்துக்கு நாம் கொடுத்த விலை போதும்.