தாடியும் தேகப்பயிற்சியும்

தாடி வளர்த்தல் அவரவர் விருப்பம். அதனைத் தூய்மையாக வைத்திருத்தலோ கடமை. கொஸ்லந்த மலைச்சரிவுகளில் காலையில் ஓடிப் பயில்வோரும், மாலையில் கரப்பந்தாடுவோரும் இதனை மறத்தலாகாது. வியர்வையின் நீர் ஆவியாகிவிடும். உப்போ தாடியின் அடியில் தங்கி அரிப்பைத் தரும். தோலின் எண்ணெய்ப் பசையை உண்டு வாழும் நுண்ணிய பூஞ்சை பெருகினால், தலையிற்போலவே தாடியிலும் பொடுகு தோன்றும்.

ஆதலின், பயிற்சி முடிந்ததும் மென்மையான சவர்க்காரமிட்டு மயிரடிவரை கழுவுதல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஊவா மலைகளில் ஈரம் எளிதில் உலராது. துவாயால் ஒற்றி நன்கு உலர்த்துதல் நன்று. பொடுகு கண்டபின் தேங்காயெண்ணெய் தடவுதல் அப்பூஞ்சைக்கே உணவாகும்.

தாடியைத் திருத்தும்போது ஒருவரின் சவர அலகை மற்றொருவர் கையாளுதல் எவ்வகையானும் தகாது. மஞ்சட்காமாலைக்குக் காரணமான ஈரல் அழற்சிக் கிருமியைக் கண்ணுக்குத் தெரியாத குருதித் துளியும் பரப்பவல்லது.