ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

திருகோணமலைப் பாடசாலைகளின் கணினி அறைகளுக்கு ஒரு பருவகால வருத்தம் உண்டு. டிசம்பர் விடுமுறைக்குப் பூட்டிய அறையை ஜனவரியில் திறந்து ஆளியைப் போட்டால், ஒன்றிரண்டு இயந்திரங்கள் திரையில் எதையும் காட்டாமல் பீப் பீப் என்று கத்தும். அனுபவப்பட்ட ஆசிரியர் பதறமாட்டார். பெட்டியைக் கழற்றி, ராம் என்னும் நினைவகப் பட்டையை உருவி எடுத்து, மாணவனிடம் ஓர் அழிறப்பர் வாங்கி, அதன் பொன்னிறப் பற்களை நாலு தேய் தேய்த்துத் திரும்பப் பொருத்துவார். இயந்திரம் எழுந்துவிடும்.

குற்றவாளி வாடைக்காற்று. கடலிலிருந்து அது அள்ளிவரும் உப்புத்துகள் கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் படிகிறது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். மாரியில் சமையலறை உப்புப் போத்தல் கசிவதும் இதனால்தான். பட்டையின் பற்களில் பூசியிருப்பது தங்கம். தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் பூச்சு மிக மெல்லியது. அதன் நுண்துளைகளினூடாக உப்புநீர் அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் தின்று மேலே ஓர் அழுக்குப் படலத்தை விடுகிறது. மின்சாரம் அங்கே தடைப்படுகிறது. அழிறப்பர் துடைப்பது அந்தப் படலத்தை. (அடிக்கடி தேய்த்தால் தங்கமும் போய்விடும். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை வைத்தியமாக வைத்துக்கொள்வது நல்லது.)

இயந்திரத்தின் நோய் இப்படி ஐந்து நிமிடத்தில் தீர்கிறது. அதே அறைக்குள் இன்னொரு நோய் பல வருடங்களாக இருக்கிறது. அதற்கு யாரும் அழிறப்பர் தேடியதாகத் தெரியவில்லை.

ஆசிரியர் செயலமர்வுகளில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் குறைவு. மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் தரம் 10 விஞ்ஞான வினாத்தாளைப் பென் ட்ரைவில் கொண்டுவருகிறார். இரவிரவாக இருந்து அடித்தது. நகரத்துக் கணினியில் செருகித் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துகள், இடையிடையே அரைப்புள்ளிகள். ‘தமிழ்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி.

“சேர், இதில பாமினி இல்லப் போல.”

“பென்ல ஃபொன்ட் இருக்கு, போட்டுத் தாறன்.”

சிரித்துவிட்டு எழுத்துருவை நிறுவுவார்கள். தமிழ் வந்துவிடும். நோய் போகாது.

உள்ளே நடப்பது இதுதான். கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கிலத்தின் சிறிய ‘ஜே’க்கு எண் 106 என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம். தமிழுக்கென்று எண்கள் புழக்கத்துக்கு வராத காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. 106ஆம் எண்ணுக்கு ‘ஜே’யின் உருவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘த’வை வரைந்து வைத்தன. 107க்கு ‘ம’. 112க்கு இகர விசிறி. 111க்கு ‘ழ’. 59க்கு, அதாவது அரைப்புள்ளிக்கு, மெய்யின் புள்ளி. ஆக அந்த ஆசிரியர் இரவிரவாக அடித்த கோப்பில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. ஆங்கிலத்துக்குத் தமிழ் வேட்டி கட்டிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். வேட்டி இல்லாத கணினியில் உண்மை வெளியாகிறது.

யுனிகோட் தந்திரம் செய்வதில்லை. 1991இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி எண்கள் ஒதுக்கப்பட்டன. அதில் ‘தமிழ்’ என்ற சொல் 2980, 2990, 3007, 2996, 3021. இந்த ஐந்து எண்களும் தமிழைத் தவிர வேறெதையும் குறிக்கமாட்டா. எந்த எழுத்துருவிலும், எந்தக் கைபேசியிலும், எந்த நாட்டிலும்.

பாமினியைக் குறைசொல்வது நன்றி கெட்ட செயல் என்பார் உண்டு. எனக்கும் அந்த எண்ணம் உண்டு. வேறு வழியே இல்லாத வருடங்களில் இலங்கையில் கலியாணக் கார்ட்டிலிருந்து மரண அறிவித்தல் வரை தமிழைத் தாங்கியது அது. அது செய்த வேலை அச்சு வேலை. தாளில் இறங்கிவிட்டால் எண் எதுவாயிருந்தால் என்ன? பிரச்சினை, தாளுக்கு வெளியே தொடங்குகிறது.

வகுப்பு இடாப்பை எக்செல்லில் பெயர் வரிசைப்படுத்திப் பாருங்கள். பாமினியில் அடித்திருந்தால் கமலா, அமுதாவுக்கு முன்னே வந்து நிற்பாள். கணினியின் கண்ணில் ‘க’ என்பது ‘எஃப்’, ‘அ’ என்பது ‘எம்’. கேசவனும் சேகரும் பேரின்பமும் ஒரே கூட்டமாக வருவார்கள். மூவருடைய பெயரும் அதே ‘ே’ குறியில் தொடங்குவதாக அது நினைக்கிறது. கண்ணுக்கு இடப்பக்கம் தெரிவதை முதலில் அடிப்பது பாமினியின் முறை. யுனிகோட்டில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக, வாயால் சொல்லும் ஒழுங்கில் எண்கள் நிற்கும். பார்வையற்ற மாணவருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளிடம் பாமினிக் கோப்பைக் கொடுத்தால் அது ஆங்கிலக் குரலில் பிதற்றும். கூகுளில் ‘மிதப்பு விசை’ என்று தேடுகிறவருக்கு அந்த வினாத்தாள் ஒருநாளும் அகப்படாது. சிங்களத்துக்கு மாற்றிக் கந்தளாயில் உள்ள ஓர் ஆசிரியருக்குக் காட்டலாமென்றால், மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கும் அதில் மொழி என்று எதுவும் தெரியாது.

2020 மார்ச்சில் கொவிட் வந்து பாடசாலைகள் மூடப்பட்டபோது இதன் விலை காசாகவே தெரிந்தது. பாடம் வட்ஸ்அப்புக்குப் போயிற்று. கைபேசியில் பாமினி இல்லை. எனவே அடித்து வைத்திருந்த குறிப்புகளைப் படம் பிடித்து அனுப்ப வேண்டியதாயிற்று. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். யுனிகோட்டில் ஒரு தமிழ்க் குறிக்கு வழக்கமாக 3 பைட். 1,500 குறிகள் கொண்ட ஒரு பக்கம் 4,500 பைட், அதாவது ஐந்து கிலோபைட்டுக்கும் குறைவு. அதே பக்கத்தின் வாசிக்கத்தக்க படம் நூறு கிலோபைட்டைச் சாதாரணமாகத் தாண்டும். வீச்சுவலைக்குப் போகிற ஒருவரின் வீட்டில், ஒரு கைபேசியும் மூன்று பிள்ளைகளும் இருக்கையில், இந்த இருபது மடங்கு வித்தியாசம் ரீலோட் காசில்தான் போய் முடிந்தது.

பாடத்தை மட்டுமல்ல, ஆசிரியர் பயிற்சியையும் தொழினுட்பத்தில் ஏற்றி அனுப்பும் எண்ணத்துக்குத் திருகோணமலைக் கடலோடு ஓர் உறவு உண்டு. 1956இல் மைக் வில்சனோடு கோணேசர் மலையடியில் மூழ்கிப் பழைய கோயிலின் கற்களைக் கண்ட எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், அதற்குப் பதினொரு வருடம் முன்பு, 1945இல், பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றரில் பூமியோடு சேர்ந்து சுழலும் செய்மதிகளால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று எழுதியவர். அந்த எண்ணத்தைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது இந்தியாவின் ‘சைட்’ பரிசோதனை. 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருடம், நாசாவின் ஏடிஎஸ்-6 செய்மதி ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகளை இறக்கியது. பல்லாயிரம் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் முறையையும் அதன் வழியாகவே பயிற்றினார்கள். இஸ்ரோ பொறியியலாளர் கொழும்பில் கிளார்க்கின் வீட்டிலும் ஒரு டிஷ் பொருத்திக் கொடுத்தனர். சமிக்ஞை இலங்கைமீதும் விழுந்தது. நிகழ்ச்சிகள் ஹிந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம். தமிழ் இல்லை.

வாகனம் வந்தும் சரக்கு வராத கதை இது. நம் கணினி அறைகளின் கதையும் அதுவே. 2000களின் தொடக்கத்தில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு நடந்த இடைநிலைக் கல்வி நவீனமயமாக்கல் திட்டம் பாடசாலைகளுக்குக் கணினிக் கற்றல் நிலையங்களையும் வலயங்களுக்குக் கணினி வள நிலையங்களையும் தந்தது. இயந்திரம் கொடுத்தால் மட்டும் படிப்பு வந்துவிடாது என்பதைப் பெருவில் அளந்தே பார்த்தார்கள். 319 பாடசாலைகளை ஒப்பிட்ட ஆய்வில், மடிகணினி பெற்ற பிள்ளைகள் பதினைந்து மாதத்துக்குப் பிறகும் கணிதத்திலோ மொழியிலோ மற்றவர்களை முந்தவில்லை. டெல்லியில் கார்த்திக் முரளிதரனும் சகாக்களும் 619 மாணவர்களிடம் சோதித்த ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளோ நாலரை மாதத்தில் கணிதத்தையும் ஹிந்தியையும் தெளிவாக உயர்த்தியது. அது ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்த வகுப்பு மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து கேள்வி கேட்டது. அதற்கு ஆயிரக்கணக்கான கேள்விகள், பிள்ளையின் மொழியில், இயந்திரம் எடுத்தாளக்கூடிய வடிவில் வேண்டும்.

நம்மிடம் கேள்விகள் இல்லாமலில்லை. திருகோணமலை மாவட்டத்தில் தவணைக்குத் தவணை தமிழில் அடிக்கப்படும் வினாத்தாள்களை நினைத்துப் பாருங்கள். கிண்ணியாவில் ஒருவர் தோணியை வைத்து மிதப்பு விசைக்குக் கணக்கு எழுதுவார். நிலாவெளியில் ஒருவர் உப்பளத்தை வைத்து ஆவியாதலைக் கேட்பார். வெருகலில் இருப்பவர் அந்தத் தோணிக் கணக்கை எடுத்து ஆற்றுக்குப் பொருத்தி மாற்றினால், இருவரும் ஒருவரிடம் ஒருவர் கற்பித்தலைப் படிக்கிறார்கள். தொழில் வளர்ச்சி என்று சுற்றறிக்கைகளில் வருவதன் உயிரான பகுதி இதுவே என்பேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு ஆள் போய்வருவது இலகுவாயிற்று. கோப்புதான் இன்னும் துறையில் நிற்கிறது.

பாலம் இல்லாமலில்லை. சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ போன்ற மாற்றிகள் பழைய கோப்பை நொடியில் யுனிகோட்டாக்கும். மூன்று விசை சேர்ந்த ‘கொ’வை முதலிலும் தனி ‘க’வைப் பிறகும் மாற்றவேண்டும் என்ற ஒழுங்குதான் அவற்றின் சூட்சுமம். ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் கவனம் வேண்டும்: பேஸ்புக், ‘குயஉநடிழழம’ ஆகிவிடும், இணைய முகவரியின் முதல் மூன்றெழுத்து ‘றறற’ ஆகும். இப்படி அச்சேறிய பக்கங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புதிதாக அடிப்பதற்கு, எஸ்எல்எஸ் 1326 என்ற இலங்கைத் தரம் 2008இலேயே ரெங்கநாதன் விசைப்பலகையை வைத்திருக்கிறது. பாமினிக்குப் பழகிய விரலை மாற்ற மனமில்லாதவருக்கு, அதே விசைகளில் அடித்தால் யுனிகோட்டாக இறக்கும் என்எச்எம் ரைட்டர் போன்ற இலவசச் செயலிகள் உண்டு. செயலமர்வுகளில் சிலைட்டுக்குள் படம் பறந்துவரச் செய்வது எப்படி என்று காட்டும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை இதற்குக் கொடுத்தால், மற்ற எல்லாவற்றையும்விட அது அதிகம் உதவும்.

அடுத்த தவணை வினாத்தாளை அச்சுக்கு அனுப்புமுன், ஆசிரியர்களே, அதிலிருந்து ஒரேயொரு வரியைப் பிரதிசெய்து உங்கள் வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் மற்றப் பாடசாலைக்கும் அனுப்பிவையுங்கள். ஜே, கே, பி, ஓ என்று வந்தால், அன்றிரவே மாற்றிவிடுங்கள்.