எட்டு விரல், இரண்டு கால், ஒரு குரல்

ஹார்ப்பின் தந்தியை இழுத்து விட்ட கணத்திலிருந்தே அதன் ஒலி தேயத் தொடங்கிவிடும். வயலின்காரர் வில்லைத் தேய்த்துக்கொண்டே ஒரு ஸ்வரத்தை நீட்டலாம், வளர்க்கலாம். ஹார்ப் கலைஞர் மீட்டிய ஸ்வரத்தைத் தேய விடலாம், அல்லது கைவைத்து நிறுத்தலாம், வேறு வழியில்லை. மனிதக் குரல் இதற்கு நேர் எதிர். மூச்சு உள்ளவரை நீளும், இடையிலேயே பெருகும், மெலியும். ஒருவரே ஹார்ப் வாசித்தபடி பாடினால், குணத்தில் முரண்பட்ட இந்த இரண்டு ஒலிகளும் ஒரே உடம்பிலிருந்து எழ வேண்டும். அப்படிப் பாடியவர் வேல்ஸ் நாட்டுக் கலைஞர் ஓஷன் எல்லிஸ்.

1928-ல் ஃபிளின்ட்ஷயரில் பிறந்தார். லண்டனில் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்தார்; 1959 முதல் 1989 வரை அங்கேயே ஹார்ப் பேராசிரியர். 1961 முதல் பல ஆண்டுகள் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மை ஹார்ப் கலைஞராகவும் இருந்தார்.

அவர் மாணவர்களுக்குக் கற்பித்த கருவி எத்தனை சிக்கலானது என்று பார்த்தால் வியப்பு கூடும். பெரிய ஹார்ப்பில் 47 தந்திகள். ஒன்றைப் போலவே இன்னொன்று தெரிவதால், கண் தடுமாறாமலிருக்க ஒவ்வொரு ஸ்தாயியிலும் 'ஸி' தந்திக்குச் சிவப்பும் 'எஃப்' தந்திக்குக் கறுப்பும் பூசியிருப்பார்கள். சுண்டு விரல் மீட்ட உதவாது. எனவே எட்டு விரல்கள்தான்.

பியானோவில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள் உண்டு. ஹார்ப்பில் ஏழு தந்திகள் மட்டுமே. மீதி ஸ்வரங்கள் கால்களிலிருந்து வருகின்றன. அடியில் ஏழு பெடல்கள்: இடக்காலுக்கு மூன்று, வலக்காலுக்கு நான்கு. ஒரு பெடலை மிதித்தால், தூணுக்குள் ஓடும் கம்பி மேலே கழுத்திலுள்ள சிறு வட்டுகளைத் திருப்பும். வட்டின் இரு முளைகள் தந்தியைக் கவ்வி, அதிரும் நீளத்தைப் பதினெட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கும். ஒலி அரை ஸ்வரம் உயரும். இன்னும் ஒரு படி மிதித்தால் மற்றோர் அரை ஸ்வரம். ஒரே மிதியில் அந்தப் பெயருள்ள தந்திகள் ஏறக்குறைய எல்லா ஸ்தாயிகளிலும் மாறிவிடும். செபாஸ்டியன் எரார் 1810-ல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பை விஞ்சிய ஒன்று இன்றுவரை வரவில்லை என்றே நினைக்கிறேன்.

பியானோவில் விரலை எடுத்ததும் தந்தியின் மேல் ஒரு மெத்தை விழுந்து ஒலியை அடக்கும். ஹார்ப்பில் அது கிடையாது. முந்தைய ஸ்வரம் அடுத்ததன்மேல் படர்ந்து குழம்பாதபடி, உள்ளங்கையை வைத்து உரிய நொடியில் அடக்க வேண்டும். அதிரும் தந்தியில் பெடலை மாற்றினால் கரகரவென்று சத்தம் வரும். ஆக, ஹார்ப் பாடத்தில் பாதி மீட்டுவது. மறுபாதி ஒலியை முடிப்பது.

இத்தனைக்கும் மேல் பாட்டு! வேல்ஸில் 'கெர்த் தான்ட்' என்றொரு மரபு உண்டு. ஹார்ப் ஒரு மெட்டைத் தொடங்கிவிடும். பாடகர் சற்றுப் பொறுத்து, வேறொரு மெட்டில் கவிதையைப் பாடிக்கொண்டு நுழைவார். இரண்டும் தனித்தனி வழியில் சென்றாலும் ஒன்றாகவே முடிய வேண்டும். பாட்டின் அழுத்தம் சொல்லைப் பின்பற்றும். பொதுவாக இருவர் பகிர்ந்து செய்யும் இந்த வேலையை எல்லிஸ் தனியாளாகவே செய்துகாட்டினார். கை ஒரு மெட்டில், நா இன்னொன்றில். யாழ் மீட்டிப் பாடிய நம் பாணர்களின் யாழுக்கு முன்தூண் இல்லை, பெடலும் இல்லை; ஆனால் தேயும் ஒலியோடு நீளும் குரலைச் சேர்க்கும் அதே வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள்.

குரலின் தேவையை உள்ளிருந்து அறிந்தவர் என்பதால் அடுத்தவர் பாடும்போதும் அவர் சிறந்த துணையானார். இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1969-ல் ஹார்ப்புக்கான தன் 'ஸ்வீட்' (suite) என்ற பல பகுதி இசைத்தொகுப்பை எல்லிஸுக்காகவே எழுதி, அதன் கடைசிப் பகுதியை ஒரு வேல்ஸ் துதிப்பாடலின் மெட்டில் அமைத்தார். 1973-ல் இதய அறுவை சிகிச்சையின்போது பக்கவாதம் தாக்கி பிரிட்டனின் வலக்கை பலவீனமானது. பாடகர் பீட்டர் பியர்ஸுக்குப் பல்லாண்டுகள் பியானோ வாசித்துவந்தவரால் இனி வாசிக்க முடியாது.  அடுத்த ஆண்டே குரலுக்கும் ஹார்ப்புக்குமாக 'கான்டிகிள்' என்ற தன் குரலிசைப் படைப்பு வரிசையில் ஐந்தாவதை எழுதினார். பியர்ஸ் பாட, எல்லிஸ் வாசித்தார்.