நெடுந்தொலைவு ஓட்டம்: அன்றும் இன்றும்

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஜானி ஹேஸ் இத்தொலைவை ஏறத்தாழ 2 மணி 55 நிமிடங்களில் ஓடி வென்றார். 2023ஆம் ஆண்டு சிகாகோவில் கெல்வின் கிப்டம் அதனை 2 மணி நேரம் 35 நொடிகளில் ஓடி முடித்தார். இவ்வேறுபாடு முழுவதும் பயிற்சிமுறையின் வளர்ச்சியால் விளைந்ததா என்பது ஆராயத்தக்கது.

முன்னோரின் முறைகள் அனைத்தும் சிறந்தவை எனக் கூறுவதற்கில்லை. 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில், கடும் வெயிலிலும் வீரர்களுக்குக் குடிநீர் மிக அரிதாகவே கிடைத்தது. நீரிழப்பின் விளைவை அறிய அமைப்பாளர் விரும்பியதே அதற்குக் காரணம். புறப்பட்ட 32 பேரில் 14 பேரே எல்லைக்கோட்டை அடைந்தனர். வெற்றி பெற்ற தாமஸ் ஹிக்ஸுக்கு, எட்டி விதையிலிருந்து பெறப்படும் ஸ்டிரிக்னின் என்னும் நஞ்சை உதவியாளர்கள் ஊக்கமருந்தாகக் கொடுத்தனர். இன்றோ நீரும் மாவுச்சத்துக் கலந்த பானமும் ஓட்டத்தின் இடையிடையே அளந்து தரப்படுகின்றன. உணவையும் நீரையும் பற்றிய அறிவில் இக்காலம் முன்னேறியிருப்பது உறுதி. கார்பன் தகடு பதித்த காலணிகளும் ஓடுவோரின் ஆற்றல் செலவைக் குறைக்கின்றன. எனினும், அது கருவியின் வளர்ச்சியேயன்றிப் பயிற்சியின் வளர்ச்சியன்று.

பயிற்சியின் அடித்தளம் அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இடப்பட்டுவிட்டது. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக், 400 மீட்டர் விரைவோட்டத்தை ஒரே நாளில் பன்முறை ஓடிப் பழகினார். ஒவ்வொன்றுக்கும் இடையே மெதுவாக ஓடி இளைப்பாறினார். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். நியூசிலாந்தில் காலணித் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆர்தர் லிடியார்ட், தம் உடலையே ஆய்வுக்களமாக்கினார். வாரத்துக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓடி உடலை உரமாக்குவதே முதற்படி என்று கண்டார். அவர்தம் மாணவர் பாரி மகீ, 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெண்கலம் வென்றார். நீண்ட, மிதமான ஓட்டம் இதயத்தை வலுவாக்குகிறது. தசைகளில் நுண்குருதிக் குழாய்களைப் பெருக்குகிறது. இவ்வுடலியல் உண்மை காலத்தால் மாறுவதன்று. அதனால்தான், கென்யாவின் எலியுட் கிப்சோகே வாரந்தோறும் ஓடிய ஏறத்தாழ 200 கிலோமீட்டரிலும் பெரும்பகுதி மிதமான ஓட்டமாகவே அமைந்தது.

இந்தியாவின் சிவ்நாத் சிங், 1978ஆம் ஆண்டு ஜலந்தரில் 2 மணி 12 நிமிடங்களில் மாரத்தானை ஓடி முடித்தார். கார்பன் தகட்டுக் காலணியோ, இதயத்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரமோ இல்லாத காலம் அது. அத்தேசியச் சாதனை 40 ஆண்டுகளுக்கும் மேலாக முறியடிக்கப்படாமல் நின்றது. கருவிகள் கைக்கு வந்தமையால் மட்டும் கால்களுக்கு வேகம் வந்துவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே, பழைய முறைகளில் இருந்த பிழைகளை இக்காலம் களைந்துள்ளது. நல்லனவற்றை அளவீட்டால் செம்மைப்படுத்தியுள்ளது. நாள்தோறும் பொறுமையுடன் ஓடிச் சேர்க்கும் தொலைவுக்கோ மாற்று இன்றளவும் கண்டறியப்படவில்லை.